பிடுங்கி நடப்பட்ட நிலம்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு கோதுமை வயல். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிறது. வரப்போரத்தில் மண்வாரி இயந்திரங்கள் காத்திருக்கின்றன. வயலின் நடுவே மண்ணியலாளர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து, விளக்குக்குத் திரி திரிப்பதுபோல் உள்ளங்கையில் உருட்டுகிறார். திரி மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மெலியும்போதே பொடிந்து உதிர்ந்தால் இயந்திரங்கள் இறங்கலாம். உடையாமல் நூலாக நீண்டுகொண்டே போனால் அன்றைக்கு வேலை கிடையாது.

லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் பக்கம் போகும் எச்.எஸ்.2 என்ற அதிவேக ரயில்பாதைக்கு வயலைத் தயார்செய்யும் வேலை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது. சுமார் 225 கிலோமீட்டர் பாதை. மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட ரயில். 2017 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. தண்டவாளம், மின்கம்பி, பெட்டி எல்லாம் கடைசியில் வருபவை. அவற்றுக்கு முன்னால் பல ஆண்டுகள் நடக்கும் வேலை ஒன்று உண்டு. புதைந்ததை எடுப்பது, வாழ்வதை இடம் மாற்றுவது, மண்ணைச் சுருட்டி ஓரமாக வைப்பது. இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பற்றியது.

அந்தத் திரிக்குத் திரும்புவோம். நம் உழவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பதம். களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத தட்டுகளின் அடுக்கு. தட்டுகளுக்கு இடையில் நீர் கூடினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், மண் குழையும். குழைந்த மண்ணின்மேல் முப்பது டன் வண்டி ஏறினால் மண்ணுக்குள் இருக்கும் இடைவெளிகள் நசுங்கி மூடிக்கொள்ளும். நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம்தான். அங்கேதான் காற்றும் நீரும் வேரும் மண்புழுவும் நடமாடுகின்றன. அந்த வெற்றிடம் ஒருமுறை நசுங்கிவிட்டால் மண் அதே இடத்தில் இருக்கும், அதே எடை இருக்கும், வயலாக மட்டும் இராது. சரிசெய்யப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். பதம் பார்த்து இறங்கச் சொல்லும் விதி இதற்காகத்தான்.

மேல்மண்ணை ஒரு குவியலாகவும் அடிமண்ணை வேறொரு குவியலாகவும் பிரித்து வைக்கிறார்கள். கருத்த மேல்மண்ணும் மஞ்சளான அடிமண்ணும் கலந்தால் பிறகு எந்த இயந்திரத்தாலும் பிரிக்க முடியாது. குவியலை மலைபோல உயர்த்தக் கூடாது. உள்ளே காற்று போகாமல் மண்புழுக்கள் சாகும், நுண்ணுயிர்களின் உலகமே மாறிவிடும். அதனால் உயரத்தைக் கட்டுப்படுத்தி, மேலே புல் விதைத்து, மழை அரிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த வயலிலிருந்து வந்த மண் எந்தக் குவியலில் இருக்கிறது என்பதற்கும் பதிவேடு உண்டு. திரும்பிப் போகும்போது அதே வயலுக்குப் போகவேண்டும்.

வயலுக்கு அடியில் இன்னொரு வயல் இருப்பதையும் சொல்லவேண்டும். பக்கிங்ஹாம்ஷயரின் எய்ல்ஸ்பரி சமவெளி கனமான களிமண் பூமி. மழைக்காலத்தில் நீர் தேங்கும். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே இங்கிலாந்தின் களிமண் வயல்களுக்கு அடியில் சுட்ட மண்குழாய்களை வரிசையாகப் புதைத்து நீரை ஓடைக்கு வடித்திருக்கிறார்கள். பலவற்றுக்கு வரைபடம் கிடையாது. தாத்தா சொல்லி அப்பா அறிந்து, அப்பா சொல்லி மகன் அறிந்தது. ரயில்பாதை குறுக்கே வெட்டிப் போகும்போது இந்தக் குழாய்களெல்லாம் ஒரேயடியாக அறுபடும். பாதைக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயல்கூட அடுத்த குளிர்காலத்தில் சதுப்பாகிவிடக்கூடும். ஆகவே முதல் மண்வெட்டு விழுமுன்பே எல்லையோரமாக ஒரு பெரிய வடிகுழாயைப் பதித்து, அறுபடப்போகும் சிறு குழாய்களையெல்லாம் அதில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு வழி காட்டுவது பெரும்பாலும் அந்த வயலின் விவசாயியின் நினைவுதான். பொறியியல் நூல்கள் இந்த நினைவுக்குப் போதிய மதிப்புத் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, பாதையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போகக்கூடாதா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு கிராமமும் கேட்டது. பதில் இயற்பியலில் இருக்கிறது. வளைவில் திரும்பும் வண்டியின் பயணியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பேருந்து எழுபது மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும்போது நாம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். அந்தத் தள்ளல் புவியீர்ப்பில் ஏழில் ஒரு பங்கு. வேகம் பத்து மடங்கானால், அதே தள்ளலுக்கு வளைவின் ஆரம் நூறு மடங்காக வேண்டும்: ஏழு கிலோமீட்டர். தண்டவாளத்தை ஒரு பக்கம் உயர்த்திக் கொஞ்சம் ஈடுகட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. பழைய ரயில்பாதை ஒரு தேவாலயத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும், ஒரு குளத்தைச் சுற்றிப் போகும். இந்த ரயிலால் முடியாது. ஒரு குளத்தைத் தவிர்க்க வேண்டுமானால் பத்துக் கிலோமீட்டர் முன்பே திரும்பத் தொடங்கவேண்டும், அந்தத் திருப்பம் வேறு யாருடைய குளத்திலாவது போய் நிற்கும்.

நேராக இருந்தால் மட்டும் போதாது, நிலம் விறைப்பாகவும் இருக்கவேண்டும். தென்மேற்கு ஸ்வீடனின் லெட்ஸ்கார்ட் என்ற இடத்தில் 1990களின் இறுதியில் இது கசப்பாகப் புரிந்தது. புதிய பாதையில் ரயில்கள் மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கியபோது மண்கரை அளவுக்கு மீறி அதிர்ந்தது. மெதுவாகப் போனபோது இல்லாத அதிர்வு. அடியில் இருந்தது மென்மையான களிமண்ணும் மட்கிய சேறும். அத்தகைய மண்ணின் மேற்பரப்பில் அலை பரவும் வேகமே அவ்வளவுதான். படகு தான் எழுப்பிய அலையை எட்டிப் பிடிக்கும்போது முகப்பில் நீர் குவிவதுபோல, ரயில் தன் சொந்த அலையை எட்டிப் பிடித்தது. வேகத்தைக் குறைத்தார்கள். பிறகு சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்கி நிலத்தை இறுக்கினார்கள். அதன்பின் மென்மையான நிலத்தில் அதிவேகப் பாதை போடுபவர்கள், துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளில் இந்த அலைவேகத்தைக் கணக்கிடாமல் நகர்வதில்லை.

ஆக, ரயில் நகராது என்று முடிவானபின் மற்ற எல்லாம் நகர்ந்தாக வேண்டும். செத்தவர்களும்கூட.

ஸ்டோக் மேண்டெவில் கிராமத்துக்கு வெளியே புனித மேரி ஆலயத்தின் இடிபாடு ஒன்று முட்புதர் மண்டிக் கிடந்தது. 1080ஆம் ஆண்டு வாக்கில் நார்மானியர் கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஊருக்குள் வேறு ஆலயம் எழுந்ததால் கைவிடப்பட்டு, 1966இல் எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன. திட்டமிட்ட பாதை அதன் நடுவே போனது. அங்கே சுமார் மூவாயிரம் பேர் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

புதைந்ததைத் தோண்டுமுன் தோண்டாமலே பார்க்கும் வழிகளும் உண்டு. விமானத்திலிருந்து லேசர் ஒளியை வீசி, காட்டின் இலைத்திரைக்கு அடியிலுள்ள தரையின் மேடுபள்ளத்தை அளக்கிறார்கள். வயலில் காந்தமானியைத் தூக்கிக்கொண்டு வரிவரியாக நடக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் அங்கே ஏறக்குறைய 50,000 நானோடெஸ்லா. என்றோ வெட்டித் தூர்ந்துபோன ஓர் அகழி அதில் உண்டாக்கும் மாற்றம் சில நானோடெஸ்லாதான். நெருப்பும் மட்கும் செடிகளும் மண்ணிலுள்ள இரும்பின் தன்மையை மாற்றிவிடுவதால், மனிதர் குடியிருந்த இடத்தின் மேல்மண் சற்றுக் கூடுதலாகக் காந்தமாகிறது. அது சரிந்து நிரப்பிய அகழி, கணினித் திரையில் கருங்கோடாகத் தெரியும். வீடு போய்விட்டது, கூரை போய்விட்டது, அடுப்பின் சூடு மட்டும் காந்தமாக மிஞ்சியிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது மலைப்பு தருகிறது.

ஆனால் தேவாலயத்தில் கொத்துக்கரண்டியும் தூரிகையும்தான். ஒவ்வோர் எலும்புக்கூட்டையும் அது கிடந்த நிலையில் வரைந்து, படமெடுத்து, எண்ணிட்டு, பிறகே எடுக்கிறார்கள். மீண்டும் அடக்கம் செய்யும் ஏற்பாட்டோடுதான் எடுக்கிறார்கள். நார்மானிய அடித்தளத்துக்குக் கீழே அதற்கும் முந்தைய ஒரு கட்டடத்தின் தடம் வந்தது. அதற்கும் கீழே, 2021இல், வட்டமான அகழி சூழ்ந்த சதுரக் கட்டடம் ஒன்று. அந்த அகழியிலிருந்து ரோமானியக் கற்சிலைகள் வெளிவந்தன: ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தையின் தலை. கூடவே அறுகோண வடிவக் கண்ணாடிக் குடுவை ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் பெரிய துண்டுகள் சிதையாமல் இருந்தன. ரோமானியர் கல்லறை எழுப்பிய மேட்டில்தான் பிறகு வந்தவர்கள் ஆலயம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஓர் இடம் புனிதமானது என்ற நினைவு, மொழியும் மதமும் மாறியபின்னும் அந்த மேட்டை விட்டு அகலவில்லை.

சிலைகளைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாம். அந்த அடுக்கை எடுத்துப்போக முடியாது. எதன்மேல் எது இருந்தது, எந்தக் குழி எந்தக் குழியை வெட்டியது என்ற உறவுதான் தொல்லியலின் சான்று. தோண்டும்போதே அது அழிகிறது. ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அந்தப் பக்கம் கரைந்துபோகும் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடும் அளவுகோலும் இல்லாத கரண்டி அங்கே வெறும் நாசவேலை. இந்தப் பாதையில் இப்படி எத்தனையோ இடங்கள். நார்தாம்ப்டன்ஷயரில் சிப்பிங் வார்டன் அருகே முப்பதுக்கும் மேற்பட்ட வட்ட வீடுகள் கொண்ட இரும்புக்கால ஊர் ஒன்று, பத்து மீட்டர் அகலச் சாலையோடு ரோமானிய வணிக ஊராக வளர்ந்த கதை கிடைத்தது. வென்டோவர் அருகே 138 கல்லறைகள் கொண்ட ஆங்கிலோ-சாக்சன் இடுகாடு கிடைத்தது. ரயில் வராவிட்டால் இவை நமக்குத் தெரிந்திராது. ரயில் வந்ததால் இவை இனி அங்கே இல்லை. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை ஈடுசெய்வதாக நான் நினைக்கவில்லை.

இறந்தவர்களைவிட உயிரோடிருப்பவர்களை நகர்த்துவது கடினம். பெருங்கொண்டை நியூட் என்ற சிறு பிராணியைப் பாருங்கள். பல்லியின் உடல், தவளையின் தோல், ஆரஞ்சு நிற வயிற்றில் கரும்புள்ளிகள். கைரேகைபோல அந்தப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். வசந்தத்தில் குளத்தில் இறங்கும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் புல்லிலும் கட்டைக்கு அடியிலும் கிடக்கும். பெண் நியூட் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக ஒரு நீர்ச்செடி இலைக்குள் மடித்து ஒட்டிவைக்கும். அத்தனை அக்கறையாக வைத்த முட்டைகளில் பாதி, அதன் முதல் குரோமோசோமில் உள்ள ஒரு பரம்பரைக் கோளாறால் பொரிக்குமுன்பே செத்துவிடும். ஐரோப்பாவில் குளங்கள் தூர்ந்து வருவதால் சட்டம் இதைக் கடுமையாகக் காக்கிறது.

குளத்தில் நியூட் இருக்கிறதா என்று பார்க்க, முன்பெல்லாம் இராத்திரியில் டார்ச் விளக்கோடு கரையில் நடந்தார்கள். 2014 முதல் இங்கிலாந்தில் வேறொரு வழியும் ஏற்கப்பட்டது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை, குளக்கரையைச் சுற்றி இருபது இடங்களில் நீர் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். உரிந்த தோலிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கலந்த டி.என்.ஏ. துணுக்குகளைப் பன்னிரண்டு முறை தனித்தனியாகத் தேடுகிறார்கள். விலங்கைக் காணாமலே அது குளித்த நீரைக் கேட்டு அறியும் முறை இது.

இருக்கிறது என்று தெரிந்தால் குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தடுப்பு எழும், அடிவிளிம்பு மண்ணுக்குள் புதைந்திருக்கும். அதை ஒட்டித் தரைமட்டத்துக்கு வாளிகளைப் புதைத்துவைக்கிறார்கள். இரவில் தடுப்போரமாக ஊர்ந்து வழி தேடும் நியூட் வாளிக்குள் விழும். விடியற்காலையில் ஒருவர் வந்து ஒவ்வொரு வாளியாகக் குனிந்து பார்த்து, ஈரக்கையால் எடுத்துப் புதுக் குளத்துக்குக் கொண்டுபோவார். இரவு குளிர்ந்துவிட்டால் நியூட் வெளியே வராது, அந்த இரவு கணக்கில் சேராது. இப்படி முப்பது, அறுபது, சில இடங்களில் தொண்ணூறு இரவுகள். புதுக் குளத்தையோ அதற்கு முன்பே வெட்டி, நீர்ச்செடி வேர்பிடித்து, பூச்சிகள் வந்து சேரும்வரை விட்டுவைத்திருக்கவேண்டும். பருவம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடுகட்டும் என்பதால் உயிர்வேலிகளை வெட்டுவதும் குளிர்காலத்தில்தான். ஒப்பந்ததாரரின் நாள்காட்டியை முட்டையும் குஞ்சும் வகுக்கின்றன.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. ஒரு குளத்து நியூட் கூட்டம் தனியாக நீடிப்பதில்லை. ஒரு கோடையில் ஒரு குளம் வற்றும், அடுத்த ஆண்டு பக்கத்துக் குளத்திலிருந்து சில வந்து மீண்டும் குடியேறும். சில நூறு மீட்டர் இடைவெளியில் இருக்கும் ஐந்தாறு குளங்கள் சேர்ந்துதான் ஒரு குடும்பம். ஒரு குளத்துக்கு ஒரு குளம் என்று வெட்டிக்கொடுத்தாலும், நடுவே ரயில்பாதை கிடந்தால் அந்தப் போக்குவரத்து அறுந்துவிடும். அதனால்தான் பாதைக்கு மேலே புல்லும் புதரும் வளர்ந்த பசுமைப் பாலங்களைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஷீப்ஹவுஸ் காட்டோரம் பெக்ஸ்டைன் வௌவால்களுக்காகப் பாதைக்குமேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையே போடுகிறார்கள். பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் ஆகும் என்று 2024 நவம்பரில் தெரியவந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. பெரிய காதுகளால் இலைமேல் ஊரும் பூச்சியின் சலசலப்பைக் கேட்டு இரை தேடும் உயிர் அது. பழைய காடுகளை விட்டு வெளியே அதிகம் போகாது. அவ்வளவு பணம் சரியா என்ற விவாதம் நியாயமானது. பாதையின் கோடு வரைந்த நாளிலேயே அந்த விவாதம் நடந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

காடு நகருமா? வார்விக்‌ஷயரில் கப்பிங்டன் கிராமத்தருகே ஒரு காட்டுப் பேரி மரம் நின்றது. 250 ஆண்டுக்கு மேற்பட்ட வயது. 2015இல் இங்கிலாந்தின் ஆண்டு மரமாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2020 அக்டோபரில் அதை வெட்டினார்கள். அதற்கு முன்பே கிளைத்துண்டுகளை எடுத்து ஒட்டுப்போட்டுக் கன்றுகள் வளர்த்திருந்தார்கள். அடிக்கட்டையைப் பெயர்த்து அருகில் நட்டார்கள், அதில் துளிரும் வந்தது.

மரம் துளிர்க்கும். அது நின்ற காட்டின் மண் வேறு கதை. 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருக்கும் இடத்தை இங்கிலாந்தில் தொல்காடு என்கிறார்கள். அந்த மண்ணைப் பல நூற்றாண்டுகளாக ஏர் தொட்டதில்லை. அங்கே பூக்கும் வன அனிமோன் விதையை நம்பாமல் கிழங்குத் தண்டால் ஊர்ந்து பரவும். நூறு ஆண்டுக்கு ஆறடி நகர்ந்தாலே அதிகம். இந்தக் காட்டு மண்ணைத்தான் அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வயலில் பரப்பி, மேலே மரக்கன்றுகள் நடுகிறார்கள். மண்ணோடு விதை வரும், கிழங்கு வரும், வேர்ப்பூஞ்சையின் இழைகள் அறுந்த துண்டுகளாக வரும். எல்லாம் உறங்கும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் செய்யவேண்டிய வேலை இது. 2020 ஏப்ரலில், நீலமணிப் பூக்கள் விரிந்திருக்கும் பருவத்தில், வார்விக்‌ஷயர் காடுகளில் செய்தபோது காடு காப்போர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பக்கம் அறிவியல் இருந்தது. நாற்றைப் பிடுங்கி நடுபவருக்குத் தெரியும், எந்த வயதில் பிடுங்கலாம், எந்த வயதில் பிடுங்கினால் வாடும் என்று. இந்த மண்பெயர்ப்பைத் தொல்காட்டுக்கு மாற்று என்று சூழலியலாளர்கள் ஏற்பதில்லை. எரியும் வீட்டிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து வருவதற்குச் சமம்.

2026இல் ரயில் ஓடும் என்று முதலில் சொன்னார்கள். 2033இலும் முடியாது என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. பர்மிங்ஹாமுக்கு வடக்கே போகவேண்டிய பாதை 2023 அக்டோபரிலேயே கைவிடப்பட்டது. பெயர்த்த மண்ணும் வெட்டிய குளங்களும் ரயிலுக்காகக் காத்திருக்கவில்லை. அவை வளரத் தொடங்கிவிட்டன.

இதில் என்னை மிகவும் நம்பிக்கை கொள்ளவைப்பது சில்டர்ன் குன்றுகளின் தெற்குச் சரிவு. அங்கே பாதை 16 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போகிறது. ஃப்ளாரன்ஸ், சிசிலியா என்று பெயரிட்ட இரண்டு இயந்திரங்கள் வெண்சுண்ணப் பாறையைக் குடைந்து 2024 தொடக்கத்தில் மறுபக்கம் வந்தன. சுமார் 30 லட்சம் கன மீட்டர் சுண்ணத்தை லாரியில் ஏற்றி ஊர் கடத்தாமல் சுரங்க வாயிலிலேயே குன்றாகப் பரப்பினார்கள். அந்தச் சரிவில் மட்டும் வழக்கமான கொழுத்த மேல்மண்ணைப் போர்த்தவில்லை. காரணம் உண்டு. சத்துள்ள மண்ணில் முரட்டுப் புற்கள் விரைந்து உயர்ந்து மற்றவற்றுக்கு வெளிச்சத்தை மறைத்துவிடும். பட்டினி நிலத்தில் எதுவும் உயர முடியாது, ஆகவே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். நல்ல பழைய சுண்ணப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டரில் நாற்பது வகைச் செடிகள்வரை எண்ணியிருக்கிறார்கள்.

சிசிலியா என்பது சிசிலியா பேய்னின் பெயர். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1925இல் காட்டிய வானியலாளர். பாதை கடக்கும் வென்டோவரில் 1900இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தோட்டத்து நெடும்புல்லில் ஒரு தேனீ ஆர்க்கிட் பூவைக் கண்டுகொண்ட கணத்தைத் தன் அறிவியல் வாழ்வின் தொடக்கமாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தேனீ ஆர்க்கிட் சுண்ண நிலத்துக்கு உறவான செடி. அதன் விதை தூசியைவிடச் சற்றே பெரிது, தனக்கென்று உணவு எதையும் சுமப்பதில்லை. மண்ணில் உரிய பூஞ்சை ஒன்று அதைத் தொட்டு உணவூட்டினால்தான் முளைக்கும். முளைத்தும் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். புதிய சரிவுக்கு விதை காற்றில் வந்துவிடும். சூழலியலாளர்கள் ஒவ்வொரு கோடையிலும் சதுரச் சட்டத்தைப் புல்லில் வைத்து, முழங்காலிட்டு, உள்ளே என்ன முளைத்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.